திமிங்கலத்து முதுகில் குடியிருந்தவன்

கஸ்பார் கடலில் காணாமல்போன நாற்பதாம் நாள், பாசித்துறை மாதா கோயிலில் அவனுக்காகப் பூசை முடிந்து, ஊரெல்லாம் வந்து ரொட்டியும் சாயாவும் சாப்பிட்டுப் போன பிறகு, அவனுடைய மனைவி கித்தேரி முற்றத்தில் உட்கார்ந்து எச்சில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவளுடைய அண்ணன் தொபியாஸ் கடலிலிருந்து நேராக, நனைந்த வேட்டி காலில் ஒட்ட வந்து நின்று, "ஒம் புருசன் சாவல, ஒரு திமிங்கலத்து முதுகுல குடியிருக்கான்" என்று சொன்னான்.

கித்தேரி கையிலிருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"மீனைச் சுட்டுத் தின்னுக்கிட்டிருந்தான். கொஞ்சம் மெலிஞ்சிருக்கான்."

"பொறவு ஏன் கூட்டிட்டு வரல?"

தொபியாஸ் முற்றத்து மணலைப் பார்த்தான். "அது விட மாட்டேங்குது" என்றான்.

தொபியாஸ் 'சலேத்மாதா' என்கிற பழைய பாய்த்தோணியை நடத்துகிற தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போய்த் திரும்புகிறவன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன். அவன் சொன்னது இதுதான்: தென்கிழக்கே அரை நாள் பாய் ஓட்டத்தில், தண்ணீர் கறுத்து ஆழம் தொடங்குகிற இடத்தில், பாசியும் சிப்பியும் படர்ந்த ஒரு கிழட்டுத் திமிங்கலம் முதுகை வெளியே வைத்து மிதந்து கிடக்கிறது, தோணியை அதன் பக்கத்தில் நிறுத்தினால் பசுவை அண்டி நிற்கிற கன்றுபோல் இருக்கும், அவ்வளவு பெரியது, புயலில் வள்ளம் உடைந்து இரண்டு நாள் நீந்திய கஸ்பார் அதன்மேல் ஏறிப் பிழைத்திருக்கிறான், ஆனால் அவன் இறங்கினால், அவனை ஏற்றிக்கொள்ளும் தோணியை அது வாலால் அடித்துத் தூளாக்கிவிடும், அதனால், "என்னால நாலு பேரு சாவ வேண்டாம் மச்சான், நான் இங்ஙனயே கெடந்துட்டுப் போறேன்" என்று கஸ்பார் சொல்லி அனுப்பிவிட்டான்.

பாசித்துறை இதைக் கேட்டு அதிசயப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, ஏனென்றால் செய்யவேண்டிய வேலை நிறைய இருந்தது. முதலில், உயிரோடிருப்பவனுக்குச் செத்தவர் பூசை வைத்தது செல்லுமா என்று பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். வேண்டுவதற்கு ஆளில்லாத ஏதோ ஓர் ஆன்மாவுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று பதில் வந்தது, அந்த ஆன்மாவுக்காக ஊரே சந்தோஷப்பட்டது. ரேஷன் அட்டையில் பெயரை நீக்க வந்த தாலுகா ஆபீஸ்காரர், ஆள் இருக்கிறபோது நீக்க முடியாது, ஆனால் அந்தத் திமிங்கலம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று தெரிந்தாகவேண்டும் என்று அரை நாள் கேட்டுக்கேட்டு, கடைசியில் 'கடல், தெற்கு' என்று எழுதிக்கொண்டு போனார். பிறகு வீட்டுக்கு ஒரு கூடை மண் என்று அள்ளித் தோணியில் ஏற்றி அனுப்பினார்கள், அந்த மண்ணைத் திமிங்கலத்தின் முதுகில் கொட்டி அவன் மிளகாயும் முருங்கையும் வைத்தான், முருங்கை பூத்தது என்று தொபியாஸ் வந்து சொன்ன அன்றைக்குக் கோயிலில் மணி அடித்தார்கள்; பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையின் முதல் சட்டையை அவன் கைபட்டு வர அனுப்பினார்கள்; பிறருக்காகத் தன்னைக் கொடுத்தவன் என்று சாமியார் பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொன்னபோது பெஞ்சுகளில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது; வாழ்ந்த இருபத்தொன்பது வருடத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் கடலுக்குப் போயிராத கஸ்பார், கடலிலேயே கிடந்து ஊருக்குப் பெரிய மனிதன் ஆனான்.

கித்தேரி தானும் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொன்னாள்.

"அது மட்டும் ஆவாது" என்றான் தொபியாஸ். "ஒன் வாடை அதுக்கு ஆவலட்டி. கட்டினவ வந்தா அவனைக் கூட்டிட்டுப் போயிருவான்னு அதுக்குத் தெரியுது. ஒன் பழைய சீலையில சுத்திப் பொட்டலம் அனுப்பினியே, அதுக்கே வாலைத் தூக்கிட்டு. தோணியில எட்டுப் பேரு இருந்தோம்."

அதற்குப் பிறகு அவள் பொட்டலங்களைப் புதுத் துணியில் கட்டினாள், கட்டுவதற்கு முன்னால் இரண்டு முறை கையைக் கழுவினாள். ஊரும் அவளைப் பார்த்துக்கொண்டது. அவள் கரைப்பக்கம் கொஞ்சம் தள்ளி நடந்தால் யாராவது ஒருத்தி பின்னாலேயே வந்து, "எங்க வீட்டு ஆம்பளையும் கடல்லதான் இருக்காவ, மறந்துராத" என்று சொல்லி, கையைப் பிடித்து, அன்பாகத்தான், திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்போது கித்தேரிக்கு இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிற வேலை அவளுக்கு. கொதிக்கிற உலைப்பானையை ஒற்றை ஆளாகத் தூக்கி வடிப்பாள். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு, சனிக்கிழமைதோறும் கருவாட்டுத் தொக்கும், வேப்பஞ்சோப்பும், தானே தைத்த சட்டையும் வைத்துக் கட்டி அண்ணனிடம் கொடுப்பாள், அவன் திரும்பி வந்து, "நல்லாருக்கான். ஒன்னை அழாம இருக்கச் சொன்னான்" என்பான், வேறெதுவும் சொல்லமாட்டான், அவள் கேட்டால் கண் கலங்கிவிடுவான், அதனால் அவள் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, திமிங்கலத்தின் மனம் இரங்கவேண்டும் என்று. மற்ற ஆறு நாளும் சாயங்காலம் கரையில் நின்று, கடலைப் பார்த்து, பல்லைக் கடித்து, அந்தத் திமிங்கலம் நாசமாய்ப் போகவேண்டும் என்று சபித்தாள். இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். ரெமிஜியுஸ் சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் வருடத்திலிருந்து வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கார்த்திகை முதல் பங்குனி வரைக்கும் அந்த ஆழத்தில் வேறு திமிங்கலங்களும் வந்து சுற்றும், கிழட்டுத் திமிங்கலத்தை விட்டு அவை விலகுவதில்லை; எஞ்சின் சத்தம் கேட்டால் அவை கலையும் என்பதால், பாய் மட்டும் விரித்துப் போகிற சலேத்மாதாவுக்குத்தான் அங்கே போக முடிந்தது. தொபியாஸ் வெங்காயத்தையும் செங்கலையும் விட்டான். தோணிக்கு நீலச் சாயம் பூசி, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களை ஏற்றிப்போய்த் திமிங்கலத்தைக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் காட்டிக்கொண்டு வந்தான். ஊரில் ஓட்டுவீடுகள் மாடியாயின. கோயிலுக்குப் புதுக் கோபுரம் வந்தது. வருகிறவர்கள் திரும்புகிற வழியில் கித்தேரியின் வீட்டு வாசலில் நின்று, அவளைத் தூரத்திலிருந்து மரியாதையோடு பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்றிரண்டு பேர் எதையோ சொல்ல வாயெடுப்பார்கள், அதற்குள் தொபியாஸின் மனைவி பவுலினா அவர்களை இளநீர் குடிக்க அழைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஏழாம் வருடம் தை மாதத்தில் கித்தேரியின் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, வருகிற புதன்கிழமை வந்து படுக்கவேண்டும், எடுத்துவிடுவோம், கூட ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதானால் முதலில் ஒருவனிடம்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எட்ட நின்றாவது அந்த முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது, அதற்குமேல் எந்த யோசனையும் ஓடவில்லை.

சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூட டீச்சரிடம் வாங்கிய சுடிதாரை மாட்டி, தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, விருதுநகரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு கூட்டமாக அவள் தோணியில் ஏறினாள். பாய்மரத்தடியில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். மீன்பிடிக்கிறவனின் மகள், மீன்பிடிக்கிறவனின் மனைவி, ஆனால் கடல்மேல் அவள் போவது அதுதான் முதல் தடவை.

"சளியாம்மா?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமாக்கா."

பாய் விரிந்து காற்றை வாங்கியதும் தோணி ஒருபக்கம் சாய்ந்து, மரமெல்லாம் முனகி, பிறகு சத்தமே இல்லாமல் ஓடியது. கரை கோடாகி, கோபுரம் குச்சியாகி, இரண்டும் இல்லாமல் போய், தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி நீலத்திலிருந்து கறுப்பாக மாறுகிற இடத்தில், முதல் மூச்சு கேட்டது. பெரிய துருத்தியை ஒரே அமுக்காக அமுக்கினதுபோல் ஒரு சத்தம்; புகைபோல் ஒரு தண்ணீர்த்தூண் எழும்பிக் கலைந்து, அழுகின முட்டைக்கோசு வாடையோடு எல்லார் முகத்திலும் ஈரமாகப் படிந்தது. பிறகு கப்பலைக் கவிழ்த்துப் போட்டதுபோல் ஒரு முதுகு, முடியவே முடியாமல் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிற முதுகு. அதன் விலாவில் ஒட்டியபடி ஒரு குட்டி, அதுவே ஒரு பஸ் நீளம். தோணிக்கு அடியில் அவை போனபோது தண்ணீர் வெளுத்தது. மூன்று, நாலு, ஐந்து என்று சுற்றிலும் எழும்பி மூச்சு விட்டு, வாலைத் தூக்கி, துளிகூடச் சிதறாமல் முங்கி, முங்கின இடத்தில் எண்ணெய் விட்டதுபோல் ஒரு வட்டத்தை வைத்துவிட்டுப் போயின. கித்தேரி தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்து எழுந்து நின்றாள். இவ்வளவு அழகான ஒன்றையா இத்தனை வருடம் சபித்தோம் என்று நினைத்தாள். அந்த நேரம் காற்று அவளுடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

சுக்கானைப் பிடித்திருந்த தொபியாஸ் அவளைப் பார்த்தான்.

"தோணியத் திருப்புங்கல" என்று ஆட்களிடம் சொன்னான்.

"அண்ணே, நான் குனிஞ்சே இருக்கேன். தைலம் தேச்சிருக்கேன், வாடை போவாது" என்றாள் கித்தேரி. "ஒரு தடவை பார்த்துட்டுத் திரும்பிருவோம்."

"திருப்புங்கன்னு சொல்லுதேன்லா."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாயைத் திருப்புவதற்கு நேரமும் இல்லை, ஏனென்றால் கிழட்டுத் திமிங்கலம் அதற்குள் தானாகவே வந்துவிட்டது. அது தோணிக்குப் பக்கவாட்டில் வந்து, ஒரு அலைகூட எழுப்பாமல், தொழுவத்தில் மாடு வந்து நிற்பதுபோல் ஒட்டி நின்றது. கித்தேரி பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வால் எழும்புவதற்காகக் காத்திருந்தாள். வால் எழும்பவில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, சுருக்கம் விழுந்த இமைகளுக்கு நடுவே, ஒரு தேங்காய் அளவுக்குக் கண் ஒன்று திறந்திருந்தது. அது அவளைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது.

ஆட்களில் ஒருவன், தலையைக் குனிந்துகொண்டே, தோணியின் பக்கத்திலிருந்து ஒரு பலகையை எடுத்து, தோணிக்கும் திமிங்கலத்துக்கும் இடையில் போட்டான். பல வருடம் மிதிபட்டு அதன் நடு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. விருதுநகர்க்காரர்கள் வரிசையாக, கைப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வயதான அம்மாளைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பலகை வழியே இறங்கித் திமிங்கலத்தின் முதுகுக்குப் போனார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். போகவும் வரவும் ஒரு தடையும் இருக்கவில்லை.

கித்தேரி அண்ணனிடம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்" என்றான் தொபியாஸ். "ஏழு வருசமாட்டி. ஒரு ஊரே பேசுதது ஒன் காதுல விழாமலா இருக்கும்? தெரிஞ்சும், அவன் பேரு கெட வேண்டாம்னு, தெரியாத மாதிரி இருக்கேன்னுதான் நெனச்சோம்."

"யாரு யாரு நெனச்சீங்க?"

அவள் பலகையில் நடந்து போனாள்.

திமிங்கலத்தின் முதுகு மிதிக்க மெத்தென்று, உள்ளே எங்கோ மெதுவாக ஏறி இறங்குகிறதாக இருந்தது. மண் பாத்தியில் மிளகாய் பழுத்திருந்தது. முருங்கை நல்ல உயரம். தார்ப்பாய்ப் பந்தலின் கீழே அவள் சோறு ஆக்குகிற பள்ளிக்கூடத்தின் பெஞ்சு ஒன்று கிடந்தது, அதன்மேல் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு. பந்தல் காலில் ரெமிஜியுஸ் சாமியாரின் பிடிவளைந்த குடை தொங்கியது. பவுலினா தொலைந்துபோனதாகச் சொன்ன அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு எஸ்தாக்கியின் செருப்பு, பீட்டர் வாத்தியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஆண்கள் கடற்காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லிப் போனது எங்கே என்று அவளுக்குத் தெரிந்தது. துணிக்கொடியில் அவள் தைத்துக் கொடுத்த சட்டைகள் காய்ந்தன. அந்தக் கொடியை அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். ஒரு சீலை, ஒரு பாவாடை, ஒரு பெண்ணுடைய ரிப்பனாவது இருக்காதா என்று பார்த்தாள். இருந்திருந்தால் அழுதிருக்கலாம், முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். சட்டைகள் மட்டும்தான் இருந்தன.

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். தொப்பை போட்டிருந்தது. கன்னம் பளபளப்பாக இருந்தது. அவளைக் கண்டதும் ரேடியோவை அணைத்தான், எழுந்திருக்க நினைத்தவன்போல் நாற்காலியின் கையைப் பிடித்தான், எழுந்திருக்கவில்லை.

"நீ வரமாட்டேன்னுதான சொன்னாவ" என்றான்.

"யாரு சொன்னா?"

"பொதுவா." பிறகு, "மெலிஞ்சிட்டியே கித்தேரி" என்றான்.

"எறங்கி வரலாம்னு எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

கஸ்பார் மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தான். அவன் கெட்டவனாக இருந்தால்கூட அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் உண்மையைத்தான் சொன்னான்.

"மொத நாளே தெரியும். அன்னிக்குப் பயத்துல ஏதோ சொல்லிட்டேன். நாப்பது நாள் எல்லாரும் அழுதப்பொறவு வந்து நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரம் வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மண்ணு அனுப்பிச்சாவ, சாமியாரு பிரசங்கம் வச்சாரு. கரையில நான் யாரு கித்தேரி? வலை இழுக்கத் தெரியாத கஸ்பாரு. இங்க வந்து எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசுதாவ."

"ஒரு நாளும் வீட்டுக்கு வரணும்னு தோணலியா?"

"தோணும். சாயங்காலம் ஆனாத் தோணும். விடிஞ்சாப் போயிரும்."

அவள் சொல்ல வந்ததை இரண்டு மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். எந்த வார்த்தையில் தொடங்குவது, அவன் பதறினால் எப்படித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

"எதுக்கு வந்த?" என்று கேட்டான் கஸ்பார்.

"சும்மா. பார்த்துட்டுப் போவலாம்னு."

அப்போதுதான் நாற்காலிக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றைக் கவனித்தாள். தோணிக் கயிறு, மணிக்கட்டுத் தடிமன். அது பாத்தியைத் தாண்டிப் போய், திமிங்கலம் மூச்சு விடுகிற துவாரத்துக்குப் பின்னால், சதைக்குள் புதைந்திருந்த ஒரு நங்கூரத்தில் முடிந்தது. நங்கூரத்தைச் சுற்றித் தோல் வளர்ந்து, வெடித்து, மறுபடி வளர்ந்து, உதடுபோல் தடித்திருந்தது.

"இது என்னது?"

"முங்காம இருக்கத்தான்" என்றான், கிணற்றுக் கயிற்றைப் பற்றிச் சொல்கிறவன்போல. "இழுத்துப் பிடிச்சா மேலயே நிக்கும். வலிக்கும்லா. மொதல்ல இது என்னக் கரையில கொண்டாந்து விடத்தான் பார்த்துச்சு. மூணு தடவை, நம்ம கோயிலு கண்ணுக்குத் தெரியுத தூரம் வரைக்கும் கொண்டாந்துட்டு. பொறவுதான் மச்சான் நங்கூரம் கொண்டுவந்து தந்தாவ."

ஊர் ஏழு வருடமாகச் சொன்ன கதையில் ஒரு பொய்யும் இல்லை என்று கித்தேரிக்குப் பட்டது. விடாமல் பிடித்துவைத்தவன் யார், பிடிபட்டுக் கிடந்தது எது என்பதை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திமிங்கலம் தன்னிடம் அவனைக் கொண்டுவந்து சேர்க்க மூன்று முறை முயன்றிருக்கிறது. அவளுக்காக அப்படி முயன்றது இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதைத்தான் அவள் தினம் நின்று சபித்தாள்.

அவள் போய் நங்கூரத்தின் தண்டைப் பிடித்தாள். உலைப்பானையைத் தூக்குகிற பிடி அது. காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, அசைத்தாள், இடது மார்பில் கட்டி இருந்த இடம் சுரீரென்றது, விடவில்லை.

"வேண்டாம் கித்தேரி" என்றான் கஸ்பார். இப்போது எழுந்துவிட்டிருந்தான். "சொன்னாக் கேளு. எனக்கு வேற எடம் இல்ல."

தொபியாஸ் தோணியிலிருந்து ஏதோ கத்தினான். கடற்கரையிலேயே பிறந்த அந்தத் தோணி ஆட்களில் ஒருவர்கூடப் பலகையைத் தாண்டி வரவில்லை. நங்கூரத்தின் ஒரு கொம்பு முதலில் வந்தது, கறுத்த இரத்தத்தோடு, பிறகு அடுத்தது. நங்கூரம் அவள் காலடியில் விழுந்தது. திமிங்கலம் ஒரு தடவை, தலையிலிருந்து வால்வரை, குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கி, ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டதாக யாரும் பிறகு சொல்லவில்லை, பல்லில் கேட்டது என்றார்கள்.

அது உடனே முங்கவில்லை. திருநாள் முடிந்து சப்பரத்தை இறக்கி வைக்கிறவர்களைப்போல, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாரும் நடந்து போக நேரம் கொடுத்துத் தாழ்ந்தது. விருதுநகர்க்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். கித்தேரி ஏறினாள். கணுக்கால்வரை தண்ணீர் வந்த பிறகு கஸ்பார் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி ஆளாகப் பலகைமேல் ஓடிவந்தான். பாத்தி மண் கரைந்து கடல் செம்மண் நிறமானது. பெஞ்சும், சீட்டுகளும், சாமியார் குடையும், சிவப்பு மிளகாய்களும் மிதந்து விலகின. சுற்றி நின்ற திமிங்கலங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாலைத் தூக்கின. பெரியது எல்லாவற்றுக்கும் கடைசியாக, தோணியில் ஒரு துளிகூடத் தெறிக்காத தூரத்துக்குப் போய், தன் வாலைத் தூக்கி, முங்கியது. மறுபடி அங்கே எதுவும் எழும்பவில்லை.

தோணி கரைக்குத் திரும்பியது.

பாசித்துறை இதையும் சீக்கிரமே எடுத்துக்கொண்டது, ஆனால் ஊரின் கோபம் கஸ்பார் பக்கம் போகவில்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்ததைக் கெடுத்தவள் என்று குழாயடியில் கித்தேரியின் குடத்துக்கு வரிசையில் இடம் விடவில்லை. "எல்லாருக்கும் புருசன் வெளியூர்ல இல்லியா? இவளுக்கு மட்டும் என்ன?" என்று பவுலினா அவள் காதுபடச் சொன்னாள். திங்கட்கிழமை ரெமிஜியுஸ் சாமியார் தானே அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஒனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் யாரும் சொல்லல மகளே" என்றார். "ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கதைவிட இது ஒனக்குக் கௌரவமா இருந்துச்சில்லா."

"ஏழு வருசம் எம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டியளே சாமி. அந்தத் திமிங்கலத்தைச் சபிச்சேன் சபிச்சேன்னு சொன்னேன். அப்பவும் மூணு மந்திரம்தான் குடுத்திய."

சாமியார் வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிப் போனார்.

தொபியாஸ் தோணியின் பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு மறுபடி செங்கல் ஏற்றப் போனான். கஸ்பார் கோயில் மடத்தில் படுத்துக்கொண்டான். முதல் நாள் சிலர் வந்து அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், மறுநாள் ஒருவன் வலை இழுக்க ஆள் குறைகிறது வருகிறாயா என்று கேட்டான். தரை அவனுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. சுவரைப் பிடித்து நடந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கித்தேரியின் வீட்டு முன்னால் வந்து நின்றான். நூற்றிருபது பிள்ளைகளுக்குப் போடுகிறவள், ஒருவனுக்கு இல்லை என்று சொல்லவில்லை. தட்டில் சோறும் குழம்பும் போட்டு, படிக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பையில் துணி அடுக்கினாள். பை எதற்கு என்று அவன் கேட்டான். பாளையங்கோட்டைக்கு என்றாள். என்ன என்று கேட்டான். அவள் சொல்லவில்லை, லீவு கேட்டபோது விஷயம் தெரிந்துகொண்ட பள்ளிக்கூட டீச்சர்தான் பிறகு அவனுக்குச் சொன்னாள்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள் என்பதையும், அவள் பிழைத்து இன்னும் பல வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் உலைப்பானை தூக்கினாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் அது அவளுக்குத் தெரியாது. முதல் பஸ்ஸில் அவள் தனியாக ஏறினாள். கஸ்பார் ஓடிவந்து பின்வாசலில் தொற்றிக்கொண்டு, கம்பியை விடாமல் பிடித்தபடி, மூன்று வரிசை பின்னால் நின்றே வந்தான். ஆஸ்பத்திரிக்கு அவள் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். வார்டு வாசலில், தலையைத் தூக்க நேரமில்லாத ஒரு நர்ஸ், காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டாள், கதவோரம், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, கூப்பிட்டால் வந்துவிடலாம் என்று நின்றவனைப் பார்த்து, "இவரு ஒங்க வீட்டுக்காரரா?" என்றாள்.

கித்தேரி திரும்பி அவனைப் பார்த்தாள், நிதானமாகவே பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர், எங்க ஊர்க்காரரு" என்றாள். "பார்க்க வாறவங்களுக்கு நாலு மணிக்கு மேலதான்னு போட்டிருக்கே, அதை அவருகிட்ட சொல்லிருங்க."